ஒரு லிட்டர் ஓட்டம்

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரையை நான் இருபத்தெட்டு வயதில் எழுதுகிறேன். எனக்கு முன்னால் என் வேலை ஓய்வு பெற்றுவிட்டதுதான் காரணம். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்புரேட்டர் இல்லாத வண்டிகள் சென்னைக்கு வந்துவிட்டன. பெட்ரோலை ஒரு சின்னக் கணிப்பொறி அளந்து பீய்ச்சுகிறது. மைலேஜ் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் கண்ணாடிப் புட்டியின் ரப்பர் குழாயை மாட்ட அந்த எஞ்சினில் இடமில்லை. அடுத்த மாதம் முதல், நான் படித்த பெண்கள் பாலிடெக்னிக்கிலேயே பாடம் நடத்தப் போகிறேன். "போறதுக்கு முன்னால அந்த வக்கீல் வண்டிக் கதையை எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்று எங்கள் கார் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் சேர்ந்தபோது அங்கே பெண் என்று நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ராயப்பேட்டையில் மூன்று சக்கர வண்டி மிதித்துச் சரக்கு ஏற்றுபவர். அம்மா இரண்டு வீடுகளில் சமையல். டிப்ளமாவில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்துகொண்டு, தியாகராய நகரில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அதுவரை ஓடுகிற காரில் நான் உட்கார்ந்ததே இல்லை. முதல் நாள் என்னை உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் அளவு பெட்ரோல் ஐந்து பேரைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர், அடையாறு, திரும்ப தி. நகர் என்று கொண்டுவந்து விட்டது. அன்று மாலை அதை அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"ஒரு லிட்டருக்கு அஞ்சு பேரா? எனுக்கு ஒரு டீ, ரெண்டு பன்னு. மூணு மூட்டைய ஏத்திக்கினு மவுண்ட் ரோடு வரிக்கும் போவேன். என்னை வித்துத் தர்றியா உன் கம்பெனில?" என்றார் அப்பா.

அந்த வியப்பு ஏழு வருடத்தில் ஒரு நாளும் எனக்குக் குறையவில்லை.

எங்கள் நிறுவனத்தில் கார் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அந்தோணி சாருடையது. சாந்தோம்காரர், அப்போது நாற்பது வயது இருக்கும். டீ வாங்கும் பையன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் 'வாங்க, போங்க'தான். அந்த வருடங்களில் விதவிதமான கார்கள் வரத் தொடங்கியிருந்ததால் வருகிறவர்கள் எல்லோரும் குழம்பிப்போய் வருவார்கள். "எது நல்ல மைலேஜ் குடுக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தோணி சார் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். ஒரு நீளத் தாளை எடுத்து, பென்சிலைச் சீவி, "நேத்து எங்கெல்லாம் போனீங்க?" என்று கேட்பார்.

"கார் வாங்கினா மகாபலிபுரம் போவோம், திருப்பதி போவோம் சார்."

"அது நாளைக்குங்க. நான் நேத்தைக் கேட்டேன். யார் யார் போனீங்க, எத்தனை மணிக்கு, கையில என்ன இருந்துச்சு?"

பிறகு முந்தாநாள். அதற்கு முந்தின நாள். இப்படி ஏழு நாள். நாளையைப் பற்றி எல்லோரும் ஆசையில் பேசுவார்கள், நேற்றைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். "சார் சர்ச் ஃபாதர் மாதிரி பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காந்துட்டாரு, டீ இப்ப வராது" என்று மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்தத் தாள் என்னை ஒவ்வொரு தடவையும் அசர வைத்தது. டீசல் வண்டிதான் வேண்டும் என்று நின்ற அடையாறு டாக்டரின் ஏழு நேற்றுகளைக் கூட்டினால், நாளைக்கு ஆறு கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. சிறிய பெட்ரோல் கார் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் சிக்கனமான சின்ன கார்தான் வேண்டும் என்றார். நேற்று கையில் என்ன இருந்தது என்று கேட்டதும் "அண்டா" என்றார். மறுநாள் அண்டாவையே கொண்டுவரச் சொல்லி, எல்லாக் கார்களின் பின் கதவிலும் நுழைத்துப் பார்த்தோம். கடைசியில் நுழைந்த காரை வாங்கினார்.

நேற்றுகளை எழுதி முடித்த பிறகுதான் ஒரு லிட்டர் ஓட்டம். காரின் பெட்ரோல் டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடிப் புட்டியை எஞ்சினோடு இணைப்போம். முன் இருக்கையில், என் கால்களுக்கு நடுவே, மரச்சட்டத்துக்குள் புட்டி நிற்கும். வாடிக்கையாளர் தினமும் போகிற அதே தெருவில், தினமும் ஓட்டுகிற அதே ஆள் ஓட்ட வேண்டும். புட்டி காலியாகி எஞ்சின் இருமி நிற்கிற இடம் வரை எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக்கொள்வோம். மறுநாள் இன்னொரு ஓட்டம், எதிர்த் திசையில். கடற்காற்று ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் தடுக்கும். இரண்டும் முடிந்த பிறகுதான் கணக்கைச் சொல்ல வேண்டும். "ஒரு ஓட்டத்துல வாயைத் திறக்காதீங்க" என்பது அந்தோணி சாரின் ஒரே கட்டளை.

அந்தக் கட்டளையை நான் ஒரே ஒரு முறை மீறினேன்.

அபிராமபுரத்து வக்கீல் ஒருவர் தன் பெரிய காரை எங்களுக்கு விற்றுவிட்டுச் சிக்கனமான வண்டி வாங்க வந்தார். அந்தப் பெரிய கார் பிற்பாடு ஏசி மாட்டியது. அந்தோணி சார் அன்று ஒரு வேலையாகச் செங்கல்பட்டு போயிருந்தார். ஆகவே நானே பென்சிலைச் சீவினேன். வக்கீல் ஏழு நாளையும் கடகடவென்று ஒப்பித்தார். காலையில் மகனை அடையாறு பள்ளியில் விடுவது, பிறகு அவர் ஹைகோர்ட் போவது, வண்டி வீட்டுக்குத் திரும்புவது, மதியம் அவர் மனைவி வைதேகி போய் மகனை அழைத்து வருவது, மாலையில் அவர் வீடு திரும்புவது. கூட்டினால் வாரத்துக்கு 240 கிலோமீட்டர். காரின் மீட்டரும் அதையே காட்டியது. ஆனால் வாரத்துக்கு 31 லிட்டர் பெட்ரோல் போட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு எட்டுகூட இல்லை.

"பெட்ரோலைக் குடிக்கறது இந்த வண்டி. பாரு, பாத்துச் சொல்லு" என்றார் வக்கீல்.

அவருடைய டிரைவர் ஏழுமலையும் நானும் ஓட்டத்துக்குக் கிளம்பினோம். ஏழுமலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ராயப்பேட்டைக்காரர்தான். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி. "நம்ம பேட்டைப் பொண்ணா? எஞ்சினெல்லாம் பாக்கறியா? ஷோக்கா கீதும்மா!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஏசியைப் போட்டுக்கொண்டே ஓடினோம். அழகாக ஓட்டினார். பிரேக்கை மிதிக்கும் முன்பே வேகம் தானாகக் குறைந்திருக்கும். சரியாகப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் வக்கீல் காத்திருந்தார். மெக்கானிக்குகள், மற்ற டிரைவர்கள், டீ கொண்டுவந்தவர் என்று பத்துப் பேர் சுற்றி இருந்தார்கள். எனக்கோ கணக்கு மனதில் ஏற்கெனவே போட்டு முடிந்துவிட்டது. மறுநாள் வரை அதை வைத்துக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை. இவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு பெண் கணக்குச் சொல்கிற சந்தர்ப்பம் வேறு.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். லிட்டருக்குப் பன்னெண்டு குடுக்குது. 240 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் போதும். வாரத்துக்கு 11 லிட்டர் வண்டிக்குப் போகல" என்று உரக்கச் சொன்னேன்.

எல்லோரும் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

"சரி. வண்டி யோக்கியம்னு ஆயிடுத்து. பாக்கி யாரு?" என்று வக்கீல் மெதுவாகத் திரும்பினார். "ஏழுமலை, பெட்ரோல் எடுத்தியா?"

"எட்க்கல சார்."

"அப்போ பதினொரு லிட்டர் ஆவியாப் போச்சா? சனிக்கெழம வரைக்கும் டைம். எங்க வித்தேன்னு நீயே வந்து சொல்லிடு. இல்லேன்னா வேற எடம் பாத்துக்கோ."

ஏழுமலை காரை நோக்கி நடந்தார். காரில் ஏறும் முன் என்னைப் பார்த்து, "கணக்கு நல்லா போட்டம்மா" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

மறுநாள் காலையில் அந்தோணி சார் தாளைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் தாளின் மேலிருந்து கீழ்வரை பென்சில் முனையை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"ரெண்டாவது ஓட்டம் எங்கங்க?"

"ஓட்டல சார்."

"சரி. இந்த நேத்தெல்லாம் யாரு சொன்னது?"

"வக்கீல் சார்."

பென்சில் முனை மதியப் பள்ளிக்கூட வரியில் நின்றது. "இது?"

"அதுவும் அவர்தான் சார்."

"அந்த நேரத்துல அவர் கோர்ட்ல இல்லீங்களா இருந்திருப்பாரு?"

நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நாள் மதியங்கள், ஐந்தும் ஒரே மாதிரி. தான் பார்க்காத நேற்றை வக்கீல் சொல்லியிருக்கிறார், நானும் எழுதியிருக்கிறேன். அந்தோணி சார் எழுந்தார். புட்டியை எடுத்துத் துணிப்பையில் போட்டு என் மேஜைமேல் வைத்தார்.

ஒரு மணிக்கெல்லாம் அடையாறில் அந்தப் பள்ளிக்கூடச் சந்தில் இருந்தேன். பள்ளி விட இரண்டு மணி நேரம் இருந்தது. ஒன்றேகாலுக்கு அந்தக் கார் வந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. ஏழுமலை இறங்கினார். எஞ்சின் நிற்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பத்தடி தள்ளிப் போய்ச் சுவரோரமாக வெயிலில் நின்றுகொண்டார். கார்க் கண்ணாடிகள் எல்லாம் மேலே ஏற்றப்பட்டிருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் வழி மறித்தார். "இன்னாத்துக்கு இங்க வந்த? போம்மா. நேத்து சொன்ன கணக்கு பத்தாதா?"

"உள்ள யாரு?"

"அம்மாதான். போம்மான்றேன்ல."

நான் கேட்கவில்லை. பின் கண்ணாடியைத் தட்டினேன். முதலில் பயந்து, பிறகு கதவைத் திறந்தார் வைதேகி மேடம். அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கலாம். மடியில் ஒரு பலகை. பலகைமேல் தாள்கள். பின் இருக்கை முழுக்கப் புத்தகங்கள். காலடியில் ஒரு கணக்கிடும் கருவி, தண்ணீர்ப் புட்டி. அந்தக் காரின் பின்புறத்தில் உட்கார அவருக்கே ஒரு முழம்தான் இடம். மற்ற இடமெல்லாம் படிப்பு. அந்த வயதில் அப்படிப் படிக்கிற ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன்.

"சி.ஏ. கடைசிப் பரிட்சை. ரெண்டு தரம் எழுதிக் கோட் அடிச்சாச்சு, பாஸாகல" என்றார் சின்னக் குரலில். "ரெண்டாவது தரம் இவர் சிரிச்சுண்டே, 'போறும் வைதேகி, நான் வாதாடறேன், நீ சாதம் போடு'ன்னார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனா மூணாவது தரம் பணம் கட்டினேன்னு என்னால வாயத் தொறந்து சொல்ல முடியல. ஆத்துல காலிங்பெல், போன், இவரோட கட்சிக்காரா. இங்கதான் ரெண்டு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டா."

"ஏழுமலை பெட்ரோலைத் திருடறார்னு வக்கீல் சார் சனிக்கெழமையோட வேலையை விட்டு நிறுத்தப் போறார் மேடம்."

அவர் விரித்திருந்த புத்தகத்தை மூடிவிட்டார். "ஏழுமலை! இங்க வா."

"இன்னாம்மா?"

"ஒன்னை நிறுத்தப் போறாராமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"உங்க பரிட்ச முடியட்டும்னு பாத்தேம்மா. பன்னெண்டு நாள்தான கீது. இத்தச் சொன்னா நீங்க பொஸ்தகத்த மூடிடுவீங்கோ." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இப்ப மூடிட்டாங்கோ, பாத்தியா?" என்றார்.

நின்றுகொண்டே வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கலாமா என்று மேடத்திடம் அனுமதி கேட்டேன். தலையசைத்தார். புட்டியை மாட்டி, டேங்கிலிருந்தே ஒரு லிட்டர் எடுத்து ஊற்றினேன். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எத்தனையோ ஓட்டத்தில் அந்தப் புட்டி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தெருவும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். இங்கே பெட்ரோல் மட்டும் கோடு கோடாக இறங்கியது. மரம் அப்படியே நின்றது. சுவரோரப் பூனைகூட இடம் மாறவில்லை. நாற்பத்தெட்டாவது நிமிடம் எஞ்சின் இருமி நின்றது. ஒரு லிட்டர், ஓர் அடி தூரம்கூட இல்லை. ஒன்றேகால் முதல் மூன்று வரை, வாரத்துக்கு ஐந்து நாள் என்று கூட்டிப் பார்த்தேன். பதினொரு லிட்டர். சொட்டுக் குறையாமல் அங்கே இருந்தது.

"இவ்வளவா குடிக்கறது? நிக்கற வண்டி குடிக்கும்னே நேக்குத் தெரியாதே" என்றார் மேடம். சற்று நேரம் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "சனிக்கெழம நான் வரேன். நானே சொல்றேன்."

ஏழுமலை, "வேணாம்மா, சார் கலாய்ப்பாரு" என்றார்.

"கலாய்க்கட்டும்."

சனிக்கிழமை வக்கீல், மேடம், ஏழுமலை மூவரும் ஷெட்டுக்கு வந்தார்கள். அந்தோணி சார் ஒரு புதுத் தாளை எடுத்து, வக்கீலைத் தாண்டி வைதேகி மேடம் பக்கம் திரும்பி, "நேத்து எங்கெல்லாம் போனீங்கம்மா?" என்றார். மேடம் தரையைப் பார்த்தபடி தொடங்கினார். பாதியில் நிமிர்ந்தார். மீதியைக் கணவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

வக்கீல் சிரிக்கவில்லை. ஏழுமலையிடம், "நீயாவது சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

"பெட்ரோல் எட்த்தியான்னு கேட்டீங்கோ, எட்க்கலன்னேன். அத்தோட வுட்டுட்டீங்கோ. அப்பால யாரு கேட்டா?"

வக்கீல் மனைவி பக்கம் திரும்பினார். "மாடியில என் ரூம் பகல் பூரா காலியாத்தானே கெடக்கு, அங்க படியேன்" என்றார். மேடம் தலையை அசைத்து மறுத்தார். "அங்க ஒங்க போன் அடிக்கும். நேக்கு மரத்தடிதான் வேணும். ஏசி வேண்டாம். ஜன்னல் முழுசா எறங்கணும். நாலு கதவு இருக்கணும், காத்து ரெண்டு பக்கமும் வரணும்."

மைலேஜ் கேட்டு வந்த வக்கீல் அன்று அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்கள் ஷெட்டில் இருந்த சின்ன கார்கள் ஒவ்வொன்றின் பின் இருக்கையிலும் மேடம் ஏறி, பலகையை மடியில் வைத்து, ஜன்னலை இறக்கி, எழுதிப் பார்த்தார். ஒன்றில் முழங்கால் இடித்தது. இன்னொன்றில் பின் ஜன்னல் பாதிதான் இறங்கியது. அவர் காருக்குக் கார் மாறும்போதெல்லாம் வக்கீல் வெளியே, இரண்டு கைகளிலும் அந்தத் தடிப் புத்தகங்களை ஏந்திக்கொண்டு, பின்னாலேயே போனார். நான்காவது காரிலிருந்து மேடம் இறங்கவே இல்லை. லிட்டருக்குப் பதினேழு தருகிற வெள்ளைக் கார். எஞ்சினை அணைத்துவிட்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம்.

"ஏழுமலை, ஒரு சுத்துப் போய்ப் பாக்கலாம்" என்று வக்கீல் சாவியை நீட்டினார்.

ஏழுமலை கையை நீட்டவில்லை. என்னைக் காட்டினார்.

"செவ்வாய்க்கெழம இந்தப் பொண்ணு பத்துப் பேரு கேக்க கணக்கு சொல்லிச்சு. நாலு நாளா பேட்டைல என்னை 'இன்னா நைனா, லிட்டரு இன்னா வெல'ன்னு கேக்கறானுங்கோ. இன்னிக்கும் பத்துப் பேரு கேக்கச் சொல்லட்டும். அப்பால சாவி."

அந்தோணி சார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். எங்கள் குடும்பத்திலேயே கணக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். அதைத் தப்பு என்று ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும். கருவிப் பெட்டிமேல் ஏறி நின்றேன். மெக்கானிக்குகள் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்கள்.

"செவ்வாய்க்கெழமை நான் சொன்ன கணக்கு தப்பு. பெட்ரோலை யாரும் எடுக்கல. வண்டி நின்ன எடத்துலயே எரிஞ்சுது. எங்க போச்சுன்னு கேட்டேன், எங்க நின்னுச்சுன்னு கேக்கல. ஒரு ஓட்டத்துலயே வாயைத் திறந்தது என் தப்பு. ஏழுமலை அண்ணன் சொட்டுப் பெட்ரோல் எடுக்கல."

"அண்ணன்லாம் அப்பால பாக்கலாம்" என்றார் ஏழுமலை. பிறகு மெதுவாக வக்கீல் பக்கம் திரும்பினார்.

தினமும் ஹைகோர்ட்டில் பேசுகிறவர் என் பெட்டிப் பக்கம் வந்து நின்றார். புத்தகங்களை இன்னும் ஏந்தியபடியே, "நானும் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். எல்லார் முன்னாடியும்" என்றார்.

"கோர்ட்டு மாதிரியே கீது" என்று யாரோ சொல்ல, ஷெட்டே சிரித்தது. ஏழுமலையும் சிரித்துவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டார். வக்கீல் பின்னால் போகாமல் முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளைக் கார் கிளம்பி வாசலைத் தாண்டியது. அந்த ஓட்டத்துக்கு நான்தான் புட்டியோடு ஏறியிருக்க வேண்டும். அது யாருக்கும் நினைவில்லை, எனக்கும்தான். பெட்டிமேல் நின்றபடி, அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.